ஃப்ரம் வரியில் யார் பெயர்?

ஓசூர் சிப்காட்டின் உள்சாலைகளில் போனால் பெரிய கம்பெனிகளின் மதில்களைக் காட்டிலும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு யூனிட்டுகளின் பலகைகள்தான் கண்ணில் நிறையப் படும். டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் கைக்கடிகாரம் என்று 1980-களில் இங்கே வேரூன்றிய ஆலைகள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வெண்டார் கூட்டத்தை வளர்த்துவிட்டன. சிஎன்சி டர்னிங், ஷீட் மெட்டல், பிளேட்டிங், பவுடர் கோட்டிங், ஜிக் ஃபிக்ஸ்சர். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளும் கிரானைட் பட்டறைகளும் இருக்கின்றன. போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை. பலகையின் அடியில் செல்போன் எண், அதற்கும் கீழே வெப்சைட் முகவரி. அந்த வெப்சைட்டில் தப்பாமல் ஓர் என்கொயரி படிவம்.

அந்தப் படிவத்துக்குப் பின்னால் பத்து வரிக்கு மிகாத ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பர்ச்சேஸ் அதிகாரி பெயர், மெயில் முகவரி, தேவைப்படும் பாகம், மாதத்துக்கு எத்தனை ஆயிரம் என்று நிரப்பி 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்கிறது திரை. ஓசூரில் யாருக்கும் எதுவும் வரவில்லை. அதிகாரி இரண்டு நாள் பொறுத்துவிட்டு அடுத்த வெண்டாரைத் தேடிப் போய்விடுவார். வராமல் போனது என்னவென்று யூனிட்டுக்குத் தெரியவே தெரியாது. 'வெப்சைட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை சார்' என்று தொழில்பேட்டைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சில் ஒரு பகுதிக்காவது காரணம் இதுவாக இருக்கலாம்.

பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வெப்சைட்டுகளில் இந்த வேலையைச் செய்வது 'மெயில்' என்ற செயற்கூறு. பெறுநர், பொருள், உடல், கூடுதல் ஹெடர்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் அது 'உண்மை' அல்லது 'பொய்' என்று ஒரு விடை தரும். 'உண்மை' என்று வந்தால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று புதிதாக நிரல் எழுதுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சர்வரில் இருக்கும் அஞ்சல் மென்பொருள் சரக்கைக் கையில் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. பிஎச்பியின் கையேடே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. வாங்கிய சரக்கு ஜிமெயிலின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதா, ஸ்பாம் பெட்டிக்குள் தள்ளப்பட்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கும் கதை. அந்தக் கதையின் முடிவைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பவை ஹெடர்கள்.

ஹெடர் என்றால் மெயிலின் உடலுக்கு மேலே வரும் வரிகள். ஃப்ரம், டு, சப்ஜெக்ட், டேட் என நாம் பார்ப்பவை சில, திரை காட்டாமல் வைத்திருப்பவை பல. இவற்றுக்கு வயது 50-க்கு மேல். ரே டாம்லின்சன் 1971-இல் கணினிவிட்டுக் கணினிக்கு முதல் மெயிலை அனுப்பினார். அதற்குப் பின் ஒவ்வொரு கணினி மையமும் தன் இஷ்டப்படி தலைப்பு எழுதிக்கொண்டிருந்ததால் 1973 செப்டம்பரில் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவர நால்வர் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதினார்கள். வலை நெறிமுறைக் குறிப்புகளின் வரிசையில் ஆர்எஃப்சி 561 என்று அதற்கு எண். நால்வரில் டாம்லின்சனும் ஒருவர். முதலில் வரும் பெயர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்கா போன இந்தியர். ஃப்ரம், டேட், சப்ஜெக்ட் வரிகள், அவற்றுக்குப் பின் ஒரு வெற்று வரி, அதற்கப்புறம் உடல் என்ற அமைப்பு அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. இன்றைக்கு ஓசூர் ஸ்கிரிப்ட் அனுப்பும் மெயிலும் அதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு பெயர் நினைவுக்கு வரும். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை 1978-இல், 14 வயதில், நியூ ஜெர்சியின் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்காக 'ஈமெயில்' என்ற பெயரில் ஓர் அலுவலக அஞ்சல் மென்பொருள் எழுதினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். அந்த வயதில் அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மின்னஞ்சலையே கண்டுபிடித்தவர் அவர் என்ற உரிமைகோரலைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. பூஷண் குழுவின் 1973 குறிப்பும், அதை விரிவாக்கிய 1977-இன் ஆர்எஃப்சி 733-உம் அதற்கு முந்தியவை. நம்மூர்ப் பெருமையைத் தேடுகிறவர்கள் அபய் பூஷணைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசலாம் என்பது இதை எழுதுபவரின் கட்சி.

1973-இல் கணினி வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஃப்ரம் வரியில் எழுதியிருப்பது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதையும் அவர்கள் வைக்கவில்லை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய, சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறையும் வைக்கவில்லை. விளைவு, யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் மெயில் அனுப்பலாம் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது பலருக்கும் புதிய செய்தி. ஓசூரிலிருந்து மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிப் போகும் லாரியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். அதன் 'ஏ' பகுதியில் யாருடைய சரக்கு, யாருக்குப் போகிறது, என்ன இன்வாய்ஸ் என்ற விவரம். 'பி' பகுதியில் வண்டி எண். மெயிலின் ஃப்ரம் ஹெடர் 'ஏ' பகுதியைப் போல. அதைச் சுமந்து போகும் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் அனுப்புநர் முகவரி வேறு, அது 'பி' பகுதி. இந்த இரண்டாவது முகவரியைத்தான் பெறும் சர்வர் 'ரிட்டர்ன் பாத்' என்று பின்னர் ஹெடரில் பதிந்து வைக்கிறது. மெயில் திரும்பி வந்தால் போவது அங்கேதான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை.

என்கொயரி படிவங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். படிவத்தை நிரப்பியவரின் முகவரியை எடுத்து ஃப்ரம் வரியில் போட்டுவிடுகிறது ஸ்கிரிப்ட். எழுதியவரின் எண்ணம் நல்லதுதான்: மெயில் வாடிக்கையாளரிடமிருந்து வந்ததுபோலத் தெரியும், 'ரிப்ளை' அடித்தால் நேராக அவருக்கே போகும். ஆனால் உண்மையில் அனுப்பியது யார்? எங்கோ ஒரு டேட்டா சென்டரில், நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகளைத் தாங்கும் வாடகை சர்வர். அது ஒரு ஜிமெயில் முகவரியையோ யாஹூ முகவரியையோ போட்டுக்கொண்டு, 'நான் இவர்தான்' என்று அறிவிக்கிறது. படிவம் எழுதியவருக்கு அது வசதி. பெறும் சர்வருக்கு அது ஆள்மாறாட்டம்.

சரியான வழி ஒரே வரி தள்ளித்தான் இருக்கிறது. ஃப்ரம் வரியில் கம்பெனியின் சொந்த டொமைனில் உள்ள ஒரு முகவரி. வாடிக்கையாளரின் முகவரி 'ரிப்ளை டு' என்ற ஹெடரில். அனுப்புவது யார், பதில் யாருக்கு என்ற இரு கேள்விகளுக்கும் தனித்தனி வரிகள் மெயில் தரத்திலேயே உண்டு. வாடிக்கையாளரின் பெயரை ஃப்ரம் வரியின் பெயர்ப் பகுதியில் 'வெப்சைட் வழியாக' என்று சேர்த்துக் காட்டலாம், முகவரி மட்டும் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும்.

20 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிழை பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் போனது. இப்போது போவதில்லை. ஸ்பாம் தொல்லை பெருகியபோது மூன்று சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்தெந்த சர்வர்கள் தன் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன் உரிமையாளர் டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்-இல் பட்டியலிடுவது எஸ்பிஎஃப், 2006-இல் ஆர்எஃப்சி ஆனது. ஹெடர்களுக்கும் உடலுக்கும் சேர்த்து மறைக்குறியீட்டு முத்திரை போடுவது டிகிம், 2007. முதலாவது சோதிப்பது ரிட்டர்ன் பாத்தை, அதாவது 'பி' பகுதியை. வாசகர் கண்ணில் படும் ஃப்ரம் வரியோடு அதற்கு நேரடித் தொடர்பே இல்லை. இந்த ஓட்டையை அடைக்க வந்த மூன்றாவதுதான் டிமார்க். எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறிய டொமைனும் ஃப்ரம் வரியின் டொமைனும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை டொமைன் உரிமையாளரே சொல்லிவைப்பார். 2014 ஏப்ரலில் யாஹூ தன் பெயரில் வரும் பொருந்தாத மெயில்களை நிராகரிக்கும்படி உலகுக்கு அறிவித்தது. வாடிக்கையாளரின் யாஹூ முகவரியை ஃப்ரம் வரியில் போட்டுக்கொண்டிருந்த படிவங்கள் எல்லாம் அந்த மாதம் முதல் சத்தமில்லாமல் செத்தன. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை மேலும் இறுக்கின. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஒரே ஒரு மெயில் அனுப்புகிறவருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில் முகவரியை ஃப்ரம் வரியில் வேறு சர்வர்கள் போடக் கூடாது என்றும் கூகுள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

ஃப்ரம் வரியைத் திருத்தினால் மட்டும் எல்லாம் நேராகிவிடாது. ஓசூர் யூனிட் ஒன்று தன் மெயிலை ஜோஹோவிலோ கூகுளிலோ வைத்திருக்கும். வெப்சைட் வேறு ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் இருக்கும். மெயில் கணக்கைத் திறந்தவர் எஸ்பிஎஃப் பதிவில் ஜோஹோவை மட்டும் சேர்த்திருப்பார். வெப்சைட் செய்து கொடுத்தவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இப்போது வெப்சைட் சர்வர் கம்பெனி பெயரில் அனுப்பினாலும் பட்டியலில் அது இல்லை. இதைச் சரிசெய்யப் போகிறவர் முதல் பதிவைத் திருத்தாமல் இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிடுவதும் உண்டு. ஒரு டொமைனுக்கு இரண்டு இருந்தால் பிழை என்பது விதி, ஆக இருந்த ஒன்றும் பயனற்றுப் போகும்.

இதைவிட விசித்திரமான சிக்கல் ஒன்று. மெயில் ஜோஹோவுக்கு மாறிய பிறகும், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் அந்த டொமைனின் மெயில் இந்த சர்வரிலேயே இருப்பதாக அமைப்பு மாறாமல் கிடக்கும். ஸ்கிரிப்ட் அதே டொமைன் முகவரிக்கு மெயில் அனுப்பும்போது சர்வர் வெளியே எங்கும் தேடுவதில்லை. 'நம் வீட்டு ஆள்தானே' என்று உள்ளேயே ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறது. யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் வருடக்கணக்கான என்கொயரிகள் அடுக்கிக் கிடக்கும். ஹெடர்களில் ஒரு குறையும் இருக்காது.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் பொதுவான மருந்து, ஸ்கிரிப்ட் தானே தபால்காரர் வேலை பார்ப்பதை விட்டுவிட்டு, கம்பெனியின் மெயில் சேவையில் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து 587 என்ற போர்ட் வழியாக நுழைந்து அனுப்புவது. டிகிம் முத்திரையை அந்தச் சேவையே போட்டுத் தரும். கண்ட முகவரியை ஃப்ரம் வரியில் போட அது விடாது என்பது இன்னொரு நன்மை. சேவைகள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோவின் முதன்மை டொமைனே 2018 செப்டம்பர் 24 அன்று சில மணி நேரம் முடங்கியது. அதன் பயனர் கணக்குகளிலிருந்து ஏமாற்று மெயில்கள் போவதாக வந்த புகார்களைக் காட்டி டொமைன் பதிவாளர் அதைத் துண்டித்துவிட்டார். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியிருந்தது. ஒரு சிலரின் கள்ள மெயில் கோடிக்கணக்கானவர்களின் அலுவலகத்தை நிறுத்தியது.

படிவத்தில் நிரப்பப்படும் எதையும் அப்படியே ஹெடருக்குள் விடக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஹெடர் வரிகளைப் பிரிப்பது வரிமுறிவு மட்டும்தான். மெயில் முகவரி கேட்கும் கட்டத்தில் ஒருவன் முகவரிக்குப் பின் ஒரு வரிமுறிவையும், அடுத்து 'பிசிசி' என்று எழுதி ஆயிரம் முகவரிகளையும் நுழைத்தால், பாதுகாப்பில்லாத ஸ்கிரிப்ட் அதைப் புதிய ஹெடராகவே எடுத்துக்கொள்ளும். மாங்கூழ் விற்கும் கம்பெனியின் படிவம் ராத்திரியோடு ராத்திரியாக மாத்திரை விளம்பர ஆலையாகிவிடும். வரிமுறிவு உள்ள உள்ளீட்டை நிராகரிப்பது இதற்குத் தடுப்பு. ரிட்டர்ன் பாத்தை மாற்றப் பயன்படும், 'மெயில்' செயற்கூறின் ஐந்தாவது உள்ளீட்டிலும் இதே ஆபத்து. 2016 டிசம்பரில் டேவிட் கோலுன்ஸ்கி என்ற ஆய்வாளர், மெயில் அனுப்பப் பயன்படும் பிஎச்பிமெயிலர் நிரல் நூலகத்தில் அந்த வழியாக சர்வரையே கைப்பற்ற முடியும் என்று காட்டினார். முதல் திருத்தம் போதாமல் சில நாட்களில் இரண்டாவது வெளியிட நேர்ந்தது. அந்த நூலகத்தைக் கைவிடச் சொல்ல இது காரணமல்ல. புதிய பதிப்பாக வைத்திருந்தால் கையால் ஹெடர் கட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு.

கையால் கட்டுகிறவர்கள் செய்யும் சில்லறைத் தவறுகள் பல. பிஎச்பியில் வரிமுறிவுக் குறியை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் அது வரிமுறிவாகாது, வெறும் எழுத்தாகவே நின்று இரு ஹெடர்களை ஒட்டிவிடும். தவறி ஒரு வெற்று வரி விழுந்தால் மீதி ஹெடர்கள் மெயிலின் உடலில் வாசகமாகத் தெரியும். டேட் வரியில் நேர மண்டலம் தவறினால் காலை வந்த என்கொயரி விடிகாலை வந்ததாகக் காட்டும். நமக்கு அது +0530. தரத்தின்படி ஒரு மெயிலுக்கு அறவே தவிர்க்க முடியாத ஹெடர்கள் இரண்டே: ஃப்ரம், டேட். சப்ஜெக்ட் கூட விருப்பத்துக்கு விடப்பட்டதுதான்.

ஆனால் தமிழில் சப்ஜெக்ட் எழுதப் போனால் ஒரு தனி உலகம் திறக்கிறது. ஹெடர்கள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும் காலத்தில் பிறந்தவை. பிற எழுத்துகளை ஆங்கில எழுத்து வேடமிட்டு அனுப்பும் முறையை 1990-களில் மைம் தரம் கொண்டுவந்தது. ஒவ்வொரு துண்டும் தன் குறியேற்றத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும், 75 குறிகளுக்கு மேல் நீளக் கூடாது. தமிழுக்கு இதில் ஓர் அழகான கணக்கு அமைந்திருக்கிறது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பேஸ்64 முறை மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆகவே ஒரு தமிழ்க் குறிக்குச் சரியாக நான்கு எழுத்து, மிச்சமில்லை. அந்த நான்கில் முதல் இரண்டு எப்போதும் '4', 'கே'. மூன்றாவது '6' அல்லது கூட்டல் குறி. வேடம் போட்ட சப்ஜெக்ட் வரியில் நாலும் கேயும், அடுத்து ஆறோ கூட்டல் குறியோ திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருப்பது தமிழ் என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். 75 குறியில் உறைக்கு 12 போக மீதியில் 15 தமிழ்க் குறிகள் அடங்கும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் 'ஓசூர்' என்பது ஐந்து, 'கிருஷ்ணகிரி' 11. இரண்டும் சேர்ந்தாலே 16, ஒரு துண்டு போதாது. வெட்டும்போது மூன்று பைட்டுக்கு நடுவே கத்தி வைத்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்கள் முளைக்கும்.

உடலுக்கு 'கன்டென்ட் டைப்' ஹெடரில் யுடிஎஃப்-8 என்று சொல்ல மறந்தால் வேறொரு கோலம். தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று பக்கம் முழுக்க வரும். தமிழின் முதலிரண்டு பைட்டுகளை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் படித்ததன் விளைவு அது. பிஎச்பிமெயிலரில் இயல்பாக அமைந்திருப்பதே மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம்தான், மாற்றிக்கொள்வது பயன்படுத்துகிறவர் பொறுப்பு.

ஃப்ரம் வரியைப் பொய்யாக்குவதைச் சட்டமும் ஒரு காலத்தில் நேரடியாகத் தொட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், மெயில் எங்கிருந்து வந்தது என்று பெறுநரை ஏமாற்றுவதும் குற்றமாக இருந்தது. பேச்சுரிமைக்கு விரோதமென்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் அந்தப் பிரிவு முழுவதையும் ரத்து செய்தபோது இதுவும் சேர்ந்து போனது. ஆள்மாறாட்டம் செய்து மோசடி செய்வதைத் தண்டிக்கும் 66டி இன்னும் நிற்கிறது.

அப்படியானால் டிமார்க் இருந்தால் மோசடி நின்றுவிடுமா? 2015-இல் ஓஎன்ஜிசி நிறுவனம், சவுதி அராம்கோவுக்கு விற்ற நாஃப்தாவுக்குரிய சுமார் 197 கோடி ரூபாய் வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டதாக மும்பை போலீஸில் புகார் கொடுத்தது. அதற்குப் பயன்பட்ட முகவரியில் டொமைனின் என், ஜி என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருந்தன. இப்படி ஒரு டொமைனை வாங்கி, அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் வைத்தால் மூன்று சோதனையிலும் அது தேறும். ஹெடர் சோதனை சொல்வது 'இந்த டொமைன்தான் அனுப்பியது' என்பதோடு முடிகிறது. அந்த டொமைன் நமக்குத் தெரிந்த கம்பெனியுடையதா என்பதைப் பணம் போடும் முன் அக்கவுண்ட்ஸ் பிரிவு போனில்தான் கேட்க வேண்டும்.

சொந்த டொமைனைப் பொறுத்தவரை டிமார்க்கின் பயன் வேறு ஒன்றிலும் இருக்கிறது. 'எதையும் தடுக்க வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்புங்கள்' என்று ஒரு பதிவை டிஎன்எஸ்-இல் போட்டால், கூகுள் முதலிய பெரிய பெறுநர்கள் பெரும்பாலும் தினம் ஒரு முறை, அந்த டொமைன் பெயரில் எந்த ஐபி முகவரிகளிலிருந்து எத்தனை மெயில் வந்தது, எது தேறியது, எது தேறவில்லை என்று எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பிவைக்கும். கண்ணால் படிக்க எளிதான வடிவமில்லை, அட்டவணையாக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஓர் உதிரிபாக யூனிட்டின் அறிக்கையில் எதிர்பாராத பெயர்கள் வரக்கூடும்: வெப்சைட் சர்வர், இன்வாய்ஸை மெயிலில் தள்ளும் கணக்கு மென்பொருள், சம்பளச் சீட்டு அனுப்பும் பயோமெட்ரிக் வருகைப்பதிவு, மின்தடை எச்சரிக்கை அனுப்பும் யுபிஎஸ், கேட்டில் இருக்கும் கேமரா ரெக்கார்டர். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு காலத்தில் ஃப்ரம் கட்டத்தில் வாய்க்கு வந்த முகவரியைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவற்றை ஒவ்வொன்றாகக் கம்பெனியின் மெயில் சேவை வழியாகத் திருப்பிவிட்டு, தேறாதவற்றின் எண்ணிக்கை குறைந்த பிறகே பதிவை ஸ்பாமுக்குத் தள்ளச் சொல்லியும், அப்புறம் நிராகரிக்கச் சொல்லியும் மாற்ற வேண்டும். முதல் நாளே நிராகரிக்கச் சொன்னால் முதலில் நிற்பது சொந்த இன்வாய்ஸ்தான்.